வீட்டு ஆர்க்கிட்: வேரை மூச்சுத் திணற வைக்கும் தவறுகள்

ஃபெலனாப்சிஸ் என்ற வகை ஆர்க்கிட்தான் நான் முதலில் வளர்த்தது. அதைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். பூ உதிர்ந்து சில மாதங்களில் இலைகள் தொங்கிச் சுருங்கின. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு குவளை ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பேறிக் கிடந்தன. விரலால் அழுத்தியதும் கூழாக நசுங்கின, மேலுறை கழன்று நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் மிஞ்சியது. செடி உண்மையிலேயே தாகத்தில்தான் வாடியிருக்கிறது. ஊற்றிய நீரை உறிஞ்ச அதற்கு வேர் இல்லை.

இந்தச் செடி காட்டில் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். வீட்டில் வளர்க்கும் வெப்பமண்டல ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. ஒட்டுண்ணிகள் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. மரத்திடமிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை, இடம் மட்டுமே பெறுகின்றன. மழை பெய்தால் வேர் நனையும், சற்று நேரத்தில் காற்று உலர்த்திவிடும். அதற்கேற்றபடி வேரின் மேல் வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. நீர் பட்டதும் சட்டென்று குடித்துக்கொள்ளும். ஆனால் ஓயாமல் ஈரத்தில் கிடந்தால் காற்று புகாமல் அழுகிவிடும்.

ஆகவே தோட்டத்து மண்ணில் நடுவதுதான் முதல் பெருந்தவறு. மரப்பட்டைத் துண்டு, மரக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு போன்ற, இடைவெளி விட்டு நிற்கும் பொருள்களே ஏற்றவை. அவையும் நாளாவட்டத்தில் மட்கித் தூளாகும். தூளானால் மண்ணைப் போலவே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூக்காலம் முடிந்ததும், புதிதாக மாற்றிவிடுங்கள். செடிக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய தொட்டிக்கு மாற்றுவதும் வேண்டாம். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி நிற்கும்.

'வாரம் இரண்டு முறை' என்று நாள் குறித்துத் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. மழைக்காலமும் கோடையும் ஒன்றா என்ன? வேரைப் பாருங்கள், அதுவே சொல்லும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தால் பார்ப்பது எளிது. நனைந்த வேர் பச்சையாக இருக்கும், உலர்ந்தால் வெள்ளி பூசியது போலச் சாம்பல் நிறமாகும். சாம்பலானதும் தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றுங்கள், பிறகு முழுவதும் வடியவிடுங்கள். அழகுக்காக வெளியே போடும் பீங்கான் தொட்டியின் அடியில் நீர் தேங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில் இது சத்தமில்லாமல் பல செடிகளை முடித்திருக்கிறது.

ஊற்றும்போது இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கிவிட்டால், காகிதத்தின் ஓரத்தை விட்டு ஒற்றி எடுத்துவிடுங்கள். ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் அந்தத் தண்டிலிருந்து புதிய இலை வராது. காட்டில் இந்தச் செடி பெரும்பாலும் மரத்திலிருந்து சாய்ந்து தொங்குவதால் மழைநீர் வழிந்துவிடும். தொட்டியில் நாம்தான் அதை நிமிர்த்தி வைக்கிறோம்.

தொட்டிக்கு வெளியே நீளும் வேர்களை அசிங்கம் என்று வெட்டாதீர்கள். உள்ளே திணிக்கவும் வேண்டாம். அவை காற்றில் வாழப் பிறந்தவை.

வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நண்பகல் வெயில் நேராக விழுந்தால் இலையில் வெளிறிய தீக்காயம் விழும், அது ஆறாது. இருட்டு மூலையில் வைத்தால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ மட்டும் வராது. 'இலையெல்லாம் நன்றாக இருக்கிறதே, ஏன் பூக்கவில்லை?' என்று கேட்பவர்களிடம் செடி எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். காலை வெயில் மட்டும் படும் ஜன்னலோரம் நல்லது. அப்போதும் பூக்கவில்லையென்றால் வெப்பநிலையைக் கவனியுங்கள். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளுமை வேண்டும்.

பூ உதிர்ந்ததும் பூந்தண்டை அடியோடு வெட்டுவதற்கும் அவசரப்படாதீர்கள். தண்டு பச்சையாக இருந்தால் கணுவிலிருந்து மறுபடி கிளைத்துப் பூக்கலாம். பழுப்பாகிக் காய்ந்த தண்டை மட்டும் நீக்குங்கள். டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் வகையில் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகூடச் செடியின் உணவுக் கிடங்கு. சில வகைகள் அதிலேயே பூக்கும்.

மொட்டுகள் விரியாமலே மஞ்சளாகி உதிர்ந்தால் அருகில் பழக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் கனிகள் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். உரத்தில் தாராளம் கூடாது. பொட்டலத்தில் சொல்லியிருப்பதில் பாதி அளவோ அதற்கும் குறைவாகவோ கரைத்து, முதலில் வேரை நனைத்த பிறகு ஊற்றுங்கள்.

வேர் அழுகிவிட்டது என்று தெரிந்தாலும் செடியைத் தூக்கி எறிய வேண்டாம். தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் கூழான வேர்களை எல்லாம் வெட்டுங்கள். அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேர் இரண்டு மிஞ்சினாலும் போதும். புதிய மரப்பட்டையில், சிறிய தொட்டியில் நட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். அடியிலைக்குக் கீழே பச்சை முனையுடன் ஒரு வேர் எட்டிப் பார்த்தால், செடி பிழைத்துவிட்டது.