எஃப்.டி.பி. போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதவி உயர்வு ஃபைல் தயார் செய்வதற்காக, எஃப்.டி.பி. என்கிற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி உள்பட இதுவரை வாங்கிய பயிற்சிச் சான்றிதழ்களை எல்லாம் வீட்டு மேசையில் பரப்பி வைத்தேன். 41 இருந்தன. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்க வந்து 16 வருடம் ஆகிறது. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு இரண்டரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. “இதில் எதெல்லாம் நீங்க பாடம் நடத்துறதை மாத்துச்சு?” என்று மனைவி கேட்டார். அவரும் ஆசிரியைதான், பள்ளியில். பிரித்து வைத்துப் பார்த்ததில் தேறியவை 3. மிச்சம் 38-க்குப் பின்னால் இருக்கும் தவறுகள் எனக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. எந்தக் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தாலும் இதே கதையைக் கேட்கலாம்.

நாளை எண்ணித் தேர்ந்தெடுப்பது

நாம் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே தலைகீழாக நடக்கிறது. எனக்கு எது தெரியவில்லை என்று யாரும் தொடங்குவதில்லை. எத்தனை நாள் பயிற்சி, எப்போது சான்றிதழ் கைக்கு வரும் என்றுதான் தொடங்குகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்பிஏ-வுக்காகக் கல்லூரிகள் நிரப்பும், பல ஆண்டுகள் புழங்கிய சுய மதிப்பீட்டுப் படிவத்தில், 2 முதல் 5 நாள் பயிற்சிக்கு 3 புள்ளி, 5 நாளுக்கு மேல் என்றால் 5 புள்ளி. ஓர் ஆசிரியருக்கு வருடத்துக்கு அதிகபட்சமே அந்த 5 புள்ளிதான். அதனால் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கேட்பதும் “ஆறு நாள் புரோகிராம் ஏதாவது இருக்கா பாருங்க” என்றுதான். தலைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விளைவு, மெட்ராலஜி (அளவியல்) லேப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர், செயற்கை நுண்ணறிவைச் சேர்ந்த டீப் லேர்னிங் பயிற்சியில் உட்கார்ந்திருப்பார். டீப் லேர்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே பைதான் நிரல் திரையில் ஓட, பைதானே தெரியாத நாங்கள் ஆறு நாளும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். முன்னறிவு என்ன வேண்டும் என்று பிரசுரத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

இப்போது நான் செய்வது எளிது. அடுத்த பருவத்தில் நான் எடுக்கப்போகும் இரண்டு பாடங்களின் சிலபஸை எடுத்து, மாணவன் எழுந்து கேள்வி கேட்டால் எனக்கு எங்கே வியர்க்கும் என்று பார்த்து, அந்த யூனிட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். அந்தக் கோட்டுக்குத்தான் பயிற்சி தேடுவேன்.

போனைப் பையில் வைத்துவிட்டு “கலந்துகொள்வது”

2020 ஊரடங்கில் பழகிய பழக்கம் இது. ஒரே நாளில் மூன்று வெபினார், ஒரு கூகுள் ஃபார்ம், சாயங்காலம் மூன்று சான்றிதழ். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் தேர்வு ஹாலில் கண்காணிப்புக்காக ஒருவர் நடந்துகொண்டிருப்பார், சட்டைப் பையில் எங்கோ ஒரு பேராசிரியர் மியூட்டில் பேசிக்கொண்டிருப்பார்.

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் அடல் அகாடமி நடத்தும் எஃப்.டி.பி.க்களில் இது செல்லாது. வருகைப் பதிவு உண்டு, முடிவில் தேர்வும் உண்டு. ஐந்து நாள் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டு, கடைசி நாள் தேர்வு நேரத்தில் பஸ்ஸில் இருந்ததால் சான்றிதழ் இழந்தவரை எனக்குத் தெரியும். கட்டணம் இல்லாத பயிற்சி என்பதால் நாமும் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறோம்.

என்பிடெல்: சிறு எழுத்தைப் படிக்காமல் விடுவது

தேறிய மூன்றில் ஒன்று, ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் படித்த 12 வாரப் பாடம். ஆனால் அதற்கு முந்தைய முயற்சியில் கோட்டை விட்டேன். பாடத்தில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இது இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கடைசித் தேதியைத் தவற விட்டேன். எட்டு வார அசைன்மென்ட்டும் வீண்.

மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும்: 25-க்கு 10, 75-க்கு 30. தேர்வில் அள்ளிவிடலாம் என்று அசைன்மென்ட்டை விட்டவர்கள் மாட்டுவது இங்கேதான். இன்னொன்று, எஃப்.டி.பி. மதிப்பு எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. மதிப்பு உள்ள பாடமென்றால் 8 வாரத்துக்கு ஒரு வாரப் பயிற்சி, 12 வாரத்துக்கு ஒன்றரை வாரம் என்று கணக்கு. தேர்வுப் படிவத்தில் நீங்கள் ஆசிரியர் என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். அந்த இடத்தை ஏனோதானோவென்று நிரப்பிவிட்டு, பிறகு மின்னஞ்சலில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம்.

மென்பொருள் மட்டும் கற்க வேண்டும் என்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் போதும். பல பாடங்களுக்குத் தமிழ் விளக்கமே இருக்கிறது. ஏனோ ஆசிரியர்கள் அதை மாணவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

தொழிற்சாலைக்குப் போகாமல் இருப்பது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. பி.இ. முடித்து, எம்.இ. முடித்து, நேராக வகுப்புக்குள் வந்தவர்கள் நாம். பட்டறைத் தரையில் ஒரு ஷிஃப்ட் நின்றதில்லை. ஆனால் அங்கே போய் நிற்கப்போகும் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறோம்.

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அம்பத்தூரில் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் இருந்தேன். தேறியதில் இரண்டாவது இதுதான். கணினி புரோகிராமில் ஓடும் கடைசல் இயந்திரமான சிஎன்சி லேத்தில் 25 மி.மீ. விட்டத்துக்கு ஒரு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோமீட்டரில் பார்த்தால் 25.04. நான் உடனே திரையில் புரோகிராமைத் திறந்து, விட்டத்தைக் குறிக்கும் X மதிப்பைத் திருத்தப் போனேன். எங்கள் லேபில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் தம்பி கையைப் பிடிக்காத குறை. “சார், புரோகிராம்ல கை வைக்காதீங்க. டூல் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்.” டூல்களுக்கான திருத்த அளவுகள் இருக்கும் ஆஃப்செட் பக்கத்துக்குப் போய், அந்த டூலுக்கு நேரே வேர் (wear, தேய்மானம்) பத்தியில் X-க்கு -0.04 என்று கொடுத்தான். அடுத்த பீஸ் அளவில் வந்தது. புரோகிராம் சரியாகத்தான் இருந்தது. தேய்ந்தது டூலின் நுனி. புரோகிராமை மாற்றியிருந்தால், நாளை புது டூல் போடும்போது 0.04 குறைந்து, பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கும்.

பத்து வருடமாக நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம், ஐடிஐ முடித்த ஒரு தம்பியிடம் இரண்டு நிமிடத்தில் திருந்தியது. இப்போது லேபில் வேண்டுமென்றே வேர் மதிப்பை மாற்றி வைத்துவிட்டு, “அளவு ஏன் வரல, கண்டுபிடிங்க” என்று மாணவர்களை விடுகிறேன்.

தொழிற்சாலைப் பயிற்சி கிடைப்பது கடினம் என்று சொல்வார்கள். பெரிய கம்பெனிக்கு ஈமெயில் போட்டுக் காத்திருந்தால் கடினம்தான். பழைய மாணவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று பார்த்து அவனிடம் கேளுங்கள். எனக்கு அம்பத்தூர் கிடைத்தது அப்படித்தான். பிளாஸ்டிக் தொடர்பான துறை என்றால், கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. ஒன்று மட்டும், ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ போல டீ குடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதைப் பயிற்சி என்று எழுதாதீர்கள். மெஷின் பக்கத்தில் நிற்காத நாள் கணக்கில் வராது.

கற்பிக்கத் தெரியும் என்று நினைப்பது

பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு. நமக்கு அப்படி எதுவும் கட்டாயமாக இருந்ததில்லை. அதற்காகத்தான் 1964-லேயே தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வந்தது. இன்றைய என்ஐடிடிடிஆர் அதுதான். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஏஐசிடிஇ கொண்டுவந்த என்ஐடிடிடி பயிற்சியிலும் 8 தொகுதிகள் இருக்கின்றன. பாடத்தைத் திட்டமிடுவது, மாணவரை மதிப்பிடுவது எல்லாம் அதில் வரும். இளம் ஆசிரியர்கள் வீடியோவை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்துவதைப் பார்க்கிறேன். நானும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன்.

தேறிய மூன்றாவது சான்றிதழ் ஒரு மைக்ரோ டீச்சிங் பயிற்சி. பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், அதைப் படம்பிடித்து நமக்கே போட்டுக் காட்டுவார்கள். பத்தில் ஏழு நிமிடம் நான் போர்டைப் பார்த்தே பேசியிருந்தேன். “புரியுதா?” என்று ஒன்பது தடவை கேட்டிருந்தேன். ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிற்கவில்லை. செல்போன் இருந்தால் இதை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம், பயிற்சிக்குக்கூடப் போக வேண்டாம். பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

காசு கொடுத்து வாங்குவது

வாட்ஸ்அப்பில் வரும் “சர்வதேச எஃப்.டி.பி., 99 ரூபாய், உடனடிச் சான்றிதழ்” வகையறா. நடத்துவது யார், ஏஐசிடிஇ, யுஜிசி, பல்கலைக்கழகம் எதுவும் பின்னால் இருக்கிறதா, பேசுபவர் யார் என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஃபைலில் அது கணக்கிலும் வராது, பார்க்கிறவர் முகமும் மாறும்.

காகிதத்தைக் கடைசியில் தேடுவது

பதவி உயர்வுக்கு எந்தப் பயிற்சி செல்லும், எத்தனை வாரம் வேண்டும் என்பதை சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய ஆபத்து. அவர் சொல்வது அவர் காலத்து விதி. ஏஐசிடிஇ-யின் 2019 விதிகளில் டிப்ளமோ நிறுவனங்களுக்குத் தனி, பட்டப்படிப்பு நிறுவனங்களுக்குத் தனி. உங்களுக்கு உரியதை அச்செடுத்து, உங்கள் நிலைக்கான பத்தியை நீங்களே படியுங்கள். மதிப்பீட்டுக் காலத்துக்குள் வராத சான்றிதழ் எவ்வளவு நல்ல பயிற்சியுடையதானாலும் உதவாது. என் 41-இல் ஆறு அப்படிப் போயின.

அப்புறம் ஓ.டி., அதாவது பயிற்சிக்குப் போகும் நாளைப் பணி நாளாகக் கணக்கிடும் அனுமதி. வாய்மொழியாக “போயிட்டு வாங்க” என்று சொல்லியனுப்பி, மாசக் கடைசியில் சம்பளத்தில் பிடித்த அனுபவம் எனக்கே உண்டு. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவும் தனியார் கல்லூரி என்றால், ஏப்ரல் முடிந்ததும் ஊர் ஊராக அட்மிஷன் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிற்சாலைப் பயிற்சிக்குத் தோதான வாரங்களும் அவைதான். அதனால் மே மாதத்துக்கான கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்து, தேதி போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது.