சூயட் கேட்கும் இடத்தில் வெண்ணெய் போடாதீர்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பப்பின் சமையலறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், ஸ்டேக் அண்ட் கிட்னி புட்டிங் (மாவு ஓட்டுக்குள் இறைச்சியும் சிறுநீரகமும் வைத்து ஆவியில் வேகவைப்பது), ஜாம் ரோலி போலி (மாவில் ஜாம் தடவிச் சுருட்டிச் செய்யும் இனிப்பு), ட்ரீக்கிள் டார்ட் எல்லாம் கை பழகியது அங்கேதான். பிறகு மனைவிக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் நர்ஸ் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டோம். எண்ணெய் நிறுவன வேலைக்காக வந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். வீட்டில் புட்டும் சொதியும், பள்ளிக்கூடத்தில் ஷெப்பர்ட்ஸ் பையும் கஸ்டர்டும் என்று வளர்ந்தவர்கள். புட்டுக்கு மாவு இங்கே கிடைக்கிறது. ஷெப்பர்ட்ஸ் பை யாரும் செய்து தருவதில்லை. அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியில் நாலைந்து பேர் கூடிச் சமைக்கிறோம்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும், நான் இங்கே வந்த முதல் வருடம் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். உப்பு கூடுவது, அடிபிடிப்பது, அடுப்பைச் சூடாக்காமல் தட்டை உள்ளே வைப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களே வெளிநாட்டில் வந்து சறுக்கும் இடங்கள் வேறு.

பொட்டலத்தில் உள்ள பெயரை நம்புவது

பிரிட்டனில் செல்ஃப் ரெய்சிங் மாவு என்றால் மைதாவும் பேக்கிங் பவுடரும் கலந்தது. இங்கே செல்ஃப் ரைசிங் என்று விற்பதில் உப்பும் சேர்ந்திருக்கும். ஆங்கிலேயச் சமையல் குறிப்பில் சொன்ன உப்பையும் மேலே போட்டால் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி கரிக்கும். சந்தேகமாக இருந்தால் நீங்களே கலந்துவிடுங்கள்: 150 கிராம் மைதாவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர்.

அந்த மைதாவிலும் ஒரு சங்கதி உண்டு. பிரிட்டனின் சாதாரண மாவில் புரதம் பெரும்பாலும் நூற்றுக்கு 9, 10 அளவில் இருக்கும். அமெரிக்காவின் ஆல் பர்ப்பஸ் மாவில் 10 முதல் 12 வரை போகும். புரதம் கூடினால் மாவு இழுவையாகும். பரோட்டாவுக்கு அது நல்லது, ஸ்கோனுக்கும் பை மேலோட்டுக்கும் கெடுதல். இங்கே தென் மாநிலத்துக்காரர்கள் ஸ்கோன் போன்ற தங்கள் பிஸ்கட்டுக்கு வாங்கும் மென்மையான மாவு பிரிட்டிஷ் மாவுக்கு நெருக்கமாக வரும். நான் அதைத்தான் வாங்குகிறேன்.

பிரிட்டனில் கார்ன் ஃப்ளவர் என்பது குழம்பைக் கெட்டியாக்கும் வெள்ளை ஸ்டார்ச். இங்கே அதே பெயரில் விற்பது சோளத்தை அப்படியே அரைத்த மாவு. கார்ன் ஸ்டார்ச் என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

ட்ரீக்கிள் டார்ட்டில் ட்ரீக்கிள் ஊற்றுவது

பெயர்தான் ட்ரீக்கிள். உள்ளே போவது கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகு. இது தெரியாமல், ட்ரீக்கிள் என்றால் மொலாசஸ் (கறுத்த கரும்புப் பாகு) என்று எங்கோ படித்துவிட்டு ஒரு ஜாடி மொலாசஸ் முழுவதையும் ஊற்றிச் சுட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். தார் போல கறுத்து, நாக்கில் கசப்பு ஏறி, யாராலும் இரண்டாவது வாய் வைக்க முடியவில்லை.

கோல்டன் சிரப் 1880களில் கிழக்கு லண்டனின் பிளெய்ஸ்டோவில் ஆப்ரம் லைல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய சர்க்கரை ஆலையிலிருந்து வந்தது. நம்மவர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமிலிருந்து அந்தப் பகுதி பக்கம்தான். சிங்கமும் தேனீக்களும் உள்ள அந்தப் பச்சைத் தகர டின் பல தமிழ் வீடுகளிலும் இருந்திருக்கிறது. இங்கே கிடைக்காவிட்டால் கார்ன் சிரப் ஊற்றாதீர்கள். இனிப்பு மட்டும் இருக்கும், மணம் இருக்காது. வீட்டிலேயே காய்ச்சலாம். 100 கிராம் சர்க்கரையில் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, செம்பு நிறம் வரும்வரை உருக்குங்கள். அதில் 300 மி.லி. கொதிநீர் கவனமாக ஊற்றி, இன்னும் 500 கிராம் சர்க்கரையும் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மிகச் சிறிய தீயில் முக்கால் மணி நேரம் கிளறாமல் விடுங்கள். ஆறியதும் தேன் பதத்துக்கு வந்துவிடும்.

சூயட்டுக்குப் பதில் வெண்ணெய்

இதை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் இதை நான் செய்திருக்கிறேன், செய்யக்கூடாத ஆளுக்குச் செய்திருக்கிறேன்.

வந்த முதல் வருடம், மனைவியுடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அப்பா இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியிலிருந்து வந்திருந்தார். 78 வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். அவருடைய அம்மா சனிக்கிழமைதோறும் ஸ்டேக் அண்ட் கிட்னி புட்டிங் செய்வாராம். அம்மா போனபின் அந்தப் பதத்தில் எங்கும் சாப்பிட்டதில்லை என்று மகள் சொன்னாள். நான் செய்கிறேன் என்றேன். ஹூஸ்டனில் அந்த மாவு ஓட்டுக்கு வேண்டிய சூயட் என்ற மாட்டுக் கொழுப்பு எங்கே கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. கொழுப்புதானே, வெண்ணெயும் கொழுப்புதானே என்று அதே எடைக்கு வெண்ணெய் போட்டேன். இரண்டு கிண்ணம், ஒன்றரைக் கிலோ இறைச்சி, ஐந்து மணி நேரம் ஆவி.

கவிழ்த்தபோதே பக்கவாட்டில் சரிந்தது. ஓடு களியாக, எண்ணெய் கசிந்து, கிரேவியை உறிஞ்சிக்கொண்டு கனமாக இருந்தது. பெரியவர் இறைச்சி முழுவதையும் சாப்பிட்டார். மாவை மட்டும் கத்தியால் மெதுவாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சூயட் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாளில் ஊர் திரும்பிவிட்டார்.

சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் வேறு. சூயட் உருக 45 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆவியில் மாவு வேகத் தொடங்கும்போது வெண்ணெய் எப்போதோ உருகி மாவோடு கலந்து போயிருக்கும். சூயட் துகள் அப்போதும் துகளாகவே நின்று, சுற்றியுள்ள மாவு இறுக ஆரம்பித்த பிறகு உருகும். அது இருந்த இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளால்தான் புட்டிங்கின் ஓடு பஞ்சு போல, ஆனால் உடையாமல் நிற்கிறது. ஜாம் ரோலி போலியும் ஸ்டூவில் மிதக்கும் டம்ப்ளிங்கும் இதே கதைதான்.

மான்செஸ்டரில் 1893இல் தொடங்கிய அட்டோரா என்ற பெயரில் துருவிய சூயட் பெட்டியில் வருவதால், பிரிட்டனில் யாரும் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கொட்டுவார்கள். வெளிநாட்டில் வந்தபின்தான் திண்டாட்டம்.

போன மாதம் லண்டனின் ஹாரோவில் வளர்ந்த ஒரு பிள்ளை ரோலி போலி செய்யச் சாமான்களோடு வந்தாள். எடுத்து வைத்த பெட்டியில் குருவிப் படம். உள்ளே கொழுப்புக் கட்டியில் சூரியகாந்தி விதைகள். தோட்டத்தில் பறவைகளுக்குத் தொங்கவிடும் தீனி அது.

"அங்கிள், சூயட் எண்டுதானே போட்டிருக்கு?" என்றாள். எழுதியிருந்தது உண்மைதான். அமெரிக்கக் கடைகளில் சூயட் என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் கையில் கொடுப்பார்கள். மனிதர்கள் சாப்பிடுவதற்கென்று செய்ததல்ல. அவளை அழைத்துக்கொண்டு மெக்சிகோக்காரர் ஒருவரின் இறைச்சிக் கடைக்குப் போனேன். அங்கே "செபோ" என்று கேட்க வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ளதுதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் தசையோரத்துக் கொழுப்பை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது மெத்தென்று இருக்கும், வேலைக்கு ஆகாது. சரியான சூயட்டை விரலால் அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். ஹலால் கடைகளிலும் முதல் நாளே சொல்லிவைத்தால் எடுத்து வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். வெங்காயத் தோல் போல ஒரு சவ்வு கொழுப்பின் மடிப்புகளுக்குள் ஓடும். அதையும் சிவப்பு நரம்புகளையும் கையாலேயே உரித்துப் போடலாம். பிறகு ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, தேங்காய் துருவுவது போல பெரிய கண்ணில் துருவுங்கள். துருவும்போதே ஒரு கை மாவு தூவிக்கொண்டால் ஒட்டாது. மிஞ்சியதை ஃபிரீசரில் போட்டுவைத்து மாதக்கணக்கில் எடுக்கலாம்.

அளவு சுலபம்: செல்ஃப் ரெய்சிங் மாவு 200 கிராம் என்றால் சூயட் அதில் பாதி, 100 கிராம். கொஞ்சம் உப்பு, குளிர்ந்த தண்ணீர் 150 மி.லி. வரை. கத்தியால் கலந்து, கையால் ஒன்றுசேர்த்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் கைச்சூட்டிலேயே பாதி காரியம் கெட்டுவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பைப் பற்றவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் மெல்லச் சூடேறும்போது சூயட்டும் மெல்ல உருகி, வெண்ணெய் போட்ட கதையாகவே முடியும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகுதானே தட்டை வைக்கிறோம்? அதேதான். பச்சை இறைச்சி வைத்த புட்டிங்குக்கு நாலரை மணி நேரமாவது வேண்டும். நடுவில் தண்ணீர் குறைந்தால் கொதிநீர் மட்டும் ஊற்றுங்கள். மேலே மூடும் பட்டர் பேப்பரிலும் அலுமினியத் தாளிலும் நடுவில் ஒரு மடிப்பு விடுங்கள், மாவு எழும்ப இடம் வேண்டும்.

மாட்டுக் கொழுப்பு சாப்பிடாதவர்களுக்கு: வனஸ்பதி வகைக் கெட்டிக் கொழுப்பை உறையவைத்துத் துருவிப் போடுங்கள். சூயட் அளவுக்கு வராது, ஆனால் வெண்ணெயை விட எவ்வளவோ மேல்.

முட்டையை எண்ணுவது

பிரிட்டனின் லார்ஜ் முட்டை 63 கிராமிலிருந்து ஆரம்பம். இங்கே லார்ஜ் என்பது 57 கிராம் சுமார். யார்க்‌ஷர் புட்டிங்குக்கு, அதாவது ரோஸ்டோடு வைக்கும் பொங்கிய மாவுப் பண்டத்துக்கு, எண்ணாதீர்கள். உடைத்த முட்டை ஒரு டம்ளர், பால் ஒரு டம்ளர், மாவு ஒரு டம்ளர். கொழுப்பு புகையும்வரை தட்டு அடுப்பில் இருக்கட்டும். வேகும்போது கதவைத் திறக்காதீர்கள்.

பைண்ட்

ஒரு பைண்ட் அங்கே 568 மி.லி., இங்கே 473. ஆங்கிலேயக் குறிப்பில் சொன்ன பாலை இங்கத்திய பைண்டில் அளந்தால் குறைந்துபோகும். கஸ்டர்ட் ஏன் களியாகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

பேக்கன்

இங்கே பேக்கன் என்றால் வயிற்றுப் பகுதி. பிரிட்டனின் பேக்கன் சாண்ட்விச்சுக்கு முதுகுப் பகுதி வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பாக்கெட் க்ரீமில் க்ளாட்டட் க்ரீம்

க்ளாட்டட் க்ரீம் என்பது பொறுமையாக எடுத்த பாலாடைதான். அகலத் தட்டில் க்ரீமை ஊற்றி, 80 டிகிரி அடுப்பில் 12 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் ஓர் இரவு கழித்து மேலாக எடுக்க வேண்டும். அல்ட்ரா பாஸ்சரைஸ்டு என்று எழுதிய க்ரீமில் ஆடை சரியாகக் கட்டாது. அப்படி எழுதாததைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால் ஸ்கோனை வெண்ணெயோடு சாப்பிடுங்கள்.

பச்சைப் பட்டாணியை மசிப்பது

உறையவைத்த பச்சைப் பட்டாணியை வேகவைத்து மசித்தால் அது மசித்த பட்டாணி, பிரிட்டனில் தொட்டுக்கொள்ளும் மஷி பீஸ் ஆகாது. மஷி பீஸுக்கு மேரோஃபேட் என்ற பெரிய வகையின் காய்ந்த பட்டாணி வேண்டும். இங்கே அதைத் தேடி ஆன்லைனில் காசைக் கொட்டுகிறார்கள். இந்தியக் கடையில் சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பச்சைப் பட்டாணியே போதும், உடைத்த பருப்பாக மட்டும் இருக்கக்கூடாது. 250 கிராம் பட்டாணியில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி ராத்திரி முழுவதும் ஊறவையுங்கள். காலையில் நன்றாக அலசி, புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், நுரை பொங்கி வால்வை அடைக்கும். அரை மணி நேரம் போல ஆனால் பட்டாணி தானே குழையும், கரண்டியால் இரண்டு சுற்று சுற்றினால் சரி. யார்க்‌ஷரில் மேலே புதினா சாஸ் விடுவார்கள். நம் புதினாச் சட்னியை விட்டுவிடாதீர்கள். பொடியாக நறுக்கிய புதினா, வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அவ்வளவுதான்.