முன்கூட்டியே புற்றுநோயைக் கண்டறியும் ஆய்வு: நிதி தருவோர் தவறும் இடங்கள்

ஆய்வுக்குப் பணம் ஒதுக்க உட்காரும் அறக்கட்டளைக் குழுக்களில் முதலில் எழும் கேள்வி, “இந்தப் பரிசோதனை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்குமா?” என்பதுதான். அதை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. கண்டுபிடித்ததால் சாவு குறைகிறதா என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனில் 2001-இல் தொடங்கிய சினைப்பைப் புற்றுநோய் ஆய்வைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அரசுப் பணத்தோடு கேன்சர் ரிசர்ச் யுகே, ஈவ் அப்பீல் போன்ற தொண்டு அமைப்புகளின் பணமும் சேர்ந்தது. ஆண்டுதோறும் ரத்தத்தில் சிஏ125 என்ற, சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய புரதத்தின் அளவு பார்க்கப்பட்ட பிரிவில், பரிசோதனை இல்லாத பிரிவைவிட முதல் நிலையில் பிடிபட்ட புற்றுநோய் சுமார் 47 சதவீதம் கூடியது. நான்காம் நிலை சுமார் 25 சதவீதம் குறைந்தது. அந்த இடத்தில் ஆய்வை முடித்திருந்தால் வெற்றி என்றே அறிவித்திருப்பார்கள். 2021-இல் இறுதி முடிவு வந்தபோது, சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

விண்ணப்பத்தில் “ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் உயரும்” என்று இருந்தால் உஷாராக வேண்டும். எழுபது வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு 67-இல் நோய் தெரிந்தால் மூன்று ஆண்டு வாழ்ந்தார் என்று கணக்கு. 64-இலேயே தெரிந்தால் ஆறு ஆண்டு. விகிதம் ஏறிவிட்டது, ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. உயிருக்கு ஆபத்தே செய்யாத கட்டிகளைத் தேடிப் பிடித்தாலும் இதே விகிதம் அழகாக ஏறும். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவியபின் 2011-இல் பதிவான தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போல 15 மடங்கு. இறப்பு விகிதம் அப்படியே இருந்தது.

“90 சதவீத நோயாளிகளைச் சரியாகக் கண்டுபிடிக்கும்; நோய் இல்லாதவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும்” என்று படித்ததும் மயங்கிவிடுவதும் உண்டு. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேரில் 40 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை 36 பேரைப் பிடிக்கும். மீதி 99,960 பேரில் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,000 பேருக்கு நோய் இல்லாமலேயே ‘உண்டு’ என்று வரும். நோயில்லாத சுமார் 56 பேரைக் கலங்கடித்து ஒருவரைக் கண்டுபிடிக்கிறோம். சினைப்பை என்றால் அந்த 56 பேரில் பலர் அறுவை மேசை வரை போக நேரலாம். ஆகவே, எந்த மக்கள்தொகையில், எத்தனை பேருக்கு ஒருவர் என்ற எண்ணோடு வராத துல்லியத்துக்குப் பணம் தராதீர்கள்.

ஆய்வுக்கூடக் கட்டத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் மாதிரிகளால்தான். நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்தும், ஆரோக்கியமானவர்களின் ரத்தம் ஏதோ ஒரு முகாமிலிருந்தும் வந்தால், குழாய் வகை, சீரம் பிரிக்க எடுத்த நேரம், எத்தனை முறை உறைந்து உருகியது என்பதெல்லாம் மாறும். கருவி அந்த வித்தியாசத்தைப் புற்றுநோய் என்று படித்துவிடும். 2002-இல் பரபரப்பான சினைப்பைப் புற்றுநோய்ப் புரதப் பரிசோதனை மீது பின்னர் எழுந்த ஐயம் இந்த வகைதான். நோய் தெரியவருமுன் ஒரே முறையில் ஒரே மக்களிடம் எடுத்துச் சேமித்த ரத்தம், யாருக்கு நோய் என்று தெரியாமல் சோதிக்கும் ஆய்வாளர் ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வாங்கித் தந்துவிட்டு ஜெனரேட்டர், வெப்பநிலை அலாரம், வேறு கட்டடத்தில் இரண்டாவது பிரதி ஆகியவற்றுக்குப் பணம் வைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒரே இரவு மின்வெட்டு போதும், பல ஆண்டு உழைப்பு போய்விடும்.

நல்ல முன்மாதிரி தொலைவில் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுக்குக் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசெட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் முறை. முடிவு 2007-இல் வெளியானது: 30 முதல் 59 வயதுப் பெண்களில் நோய் 25 சதவீதமும் அதனால் வந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. அமிலத்தின் விலை அற்பம். பணம் போக வேண்டிய இடங்கள் வேறு. அறிகுறி கண்டவர்களுக்குக் கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி, உறையவைத்துச் சிகிச்சை தரும் கிரையோதெரபி ஆகியவற்றைச் செவிலியர்களே செய்தார்கள். யார் நோயுற்றார், யார் இறந்தார் என்று சொல்ல அம்பிளிக்கையில் புற்றுநோய்ப் பதிவகம் இருந்தது. முகாமுக்கு மட்டும் நிதி தந்து, ‘உண்டு’ என்று வந்தவரைக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடும் திட்டத்தில் இவை இரண்டும் இருக்காது. அதை ஆய்வு என்று அழைப்பதே தவறு.

காலக்கெடுவும் சிக்கல்தான். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கான (சிஎஸ்ஆர்) இந்திய விதிப்படி ஒரு தொடர்திட்டம், தொடங்கிய நிதியாண்டை விட்டு மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இறப்பைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கு ஏழு, பத்து ஆண்டு வேண்டும். எனவே சிஎஸ்ஆர் பணத்தைக் கருவிக்கும் பயிற்சிக்கும் வைத்து, பின்தொடர்தலுக்கு மூலநிதி உள்ள அறக்கட்டளையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு நன்கொடை என்றால் இன்னொரு தடை: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பெற்ற அமைப்பு வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. ஒரு தலைமை நிறுவனத்திடம் கொடுத்து ஐந்து மருத்துவமனைகளுக்குப் பிரித்தளிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது.

நிதித் தவணைகளை, ஆய்வில் சேர்த்த ஆட்களின் எண்ணிக்கையோடு கட்டிவிடாதீர்கள். தலையெண்ணிக்கை கூடும், பின்தொடர்தல் தேயும். ‘உண்டு’ என்று வந்தவர்களில் எத்தனை சதவீதத்தினர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேரின் நிலை தெரியவில்லை என்பதோடு கட்டுங்கள். முதல் நபரைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவெண் கேளுங்கள். முடிவு சாதகமோ பாதகமோ, வெளியிட்ட பிறகே தருவதாக இறுதித் தவணையில் ஒரு பத்து சதவீதத்தை நிறுத்திவைக்கும் விதியை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.