விண்ணப்பப் பட்டியலில் சேலம் இல்லை

அஸ்தம்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளை ஒரு வருடம் முழுக்க, மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவின் ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தினார். விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான் மாவட்டப் பட்டியலில் சேலம் இல்லை என்பதைப் பார்த்தார். தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் இல்லை. மும்மொழி கற்பிக்கும் அந்தப் பள்ளிகளை நம் மாநிலம் ஏற்கவில்லை. பள்ளி இருக்கும் மாவட்டத்திலேயே வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைதான் அந்தத் தேர்வை எழுத முடியும். விதிகளைப் படிக்கும் முன் புத்தகம் வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

ராணுவப் பணிக்குத் தயார்ப்படுத்தும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளி நமக்கு எட்டுகிற தூரம்தான். உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் ஒன்று இயங்குகிறது. "ஆறாம் வகுப்பில் கிடைக்காவிட்டால் ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ்வழிப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. வயதும் அப்படித்தான்: ஆறாம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண்ணில் கணக்குக்கே 150. பொது அறிவுக்கு வெறும் 50. இருந்தும் நம் வீடுகளில் தலைநகரங்களை மனப்பாடம் செய்யவைப்பதில்தான் மாலைப்பொழுது கரைகிறது. பிள்ளை பின்னத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே, தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவருவதும் தவறுதான்.

எட்டாம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வையும் பலர் இந்தச் சேர்க்கைத் தேர்வுகளின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது எந்தப் பள்ளியிலும் இடம் வாங்கித் தராது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை தரும், அதற்காக எழுதலாம்.

சேர்வராயன் மலையில் சிக்கல் வேறு. பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உறைவிடப் பள்ளி ஏற்காட்டிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேரலாம். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைக்கூட முட்டவைப்பது சாதிச் சான்றிதழ்தான். பழங்குடியினருக்கு அதைத் தருபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை முடிய நாளாகும். பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியதுதான் மிச்சம்.