ஆங்கிலச் சொல்வளம்: பெரிய சொல்லைத் தேடும்போது செய்கிற தவறுகள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிற ஆளாக, சேர்ந்த புதிதில், சரக்கைப் பார்த்துவிட்டுப் போன பையர் தரப்பு ஆளுக்கு நன்றி சொல்லி மெயில் எழுதினேன். 'அஃபிஷியல்' எல்லோரும் எழுதுகிற சொல்லாயிற்றே, ஒரு படி மேலே இருக்கட்டும் என்று 'உங்கள் அஃபிஷியஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நன்றி' என்று போட்டேன். சிசியில் இருந்த மேனேஜர் கூப்பிட்டார். "என்ன கண்ணு, வந்த மனுசனை அதிகப்பிரசங்கின்னு திட்டி வெச்சிருக்கற?" அஃபிஷியஸ் என்றால் அதுதான் பொருள். யாரும் கேட்காமலே மூக்கை நுழைத்து நாட்டாமை செய்வது.

அந்தச் சொல்லை அதற்கு முன் நான் ஒரு வாக்கியத்திலும் படித்ததில்லை. ஏதோ ஒரு பட்டியலில் பார்த்த ஞாபகம், அவ்வளவுதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள்: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். த்ரிஃப்டி, ஸ்டிஞ்சி இரண்டுக்கும் நேரே 'சிக்கனம்' என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? முதலாவது பாராட்டு, மற்றது வசை. 'காசைப் பார்த்துத்தான் செலவு பண்ணுவார்' என்பதும் 'எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார்' என்பதும் நமக்கு ஒன்றா? ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே பொருள் தருகிற, மாணவர்களுக்கான அகராதிகளில் இப்படிப்பட்ட சொற்களின் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்', அதாவது குறை சொல்கிற தொனி, என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் தாண்டுவது பொருளையே படிக்காத மாதிரிதான்.

ஒரு சொல் எதோடு சேரும் என்பதையும் விட்டுவிடுகிறோம். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். மிட்டிகேட் என்றால் தணிப்பது என்று தெரிந்துகொண்டு 'ஹி மிட்டிகேட்டட் மீ' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் ரிஸ்க், டேமேஜ் மாதிரியானவற்றோடுதான் போகும். ஆகவே நோட்டில் தனிச்சொல்லாக எழுதாதீர்கள். 'மிட்டிகேட் த ரிஸ்க்' என்று ஜோடியாகவே எழுதுங்கள்.

எனக்கு இன்னும் ஆதங்கமாக இருப்பது வேறு. கையிலேயே இருக்கிற சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோவை லேத் பட்டறைகளில் டாலரன்ஸ் என்றால் அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது. அதே சொல்தான் அடுத்தவர் கருத்தைப் பொறுத்துப்போகும் குணத்துக்கும். ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இரும்பை வெட்டி வெல்டிங் வைப்பார்கள். கோர்ட்டில் 'ஃபேப்ரிகேட்டட் எவிடென்ஸ்' என்றால் ஜோடித்த சாட்சியம். சென்னிமலைத் தறிக்காரர் பாவு என்கிற, தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை ஆங்கிலத்தில் வார்ப் என்பார்கள். ஈரத்தில் பலகை நெளிந்தாலும் வார்ப்தான், கோணல் புத்திக்கும் வார்ப்ட் மைண்ட்தான். யார்ன் நமக்குத் தினசரி ரேட் பார்க்கிற நூல். 'ஸ்பின்னிங் எ யார்ன்' என்றால் நாம் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்! பாதி தெரிந்த இந்தச் சொற்களின் மறுபாதியைப் பிடிப்பது புதுச்சொல் படிப்பதைவிடச் சுலபம்.

பனியன் ஊரில் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக்காரரிடம் 'பேன்யன்' என்றால் அவருக்கு ஆலமரம்தான் ஞாபகம் வரும். பிரிட்டன்காரருக்கு உள்பனியன் வெஸ்ட். அமெரிக்கரிடம் வெஸ்ட் என்றால் கோட்டுக்குள் போடுகிற கையில்லாத மேல்சட்டை. எந்த நாட்டு ஆங்கிலம் என்று கேட்காமல் சொல் சேர்த்தால் ஆர்டரே மாறிப்போகும். 'பதில் அனுப்புகிறேன்' என்பதற்கு நாம் எழுதுகிற 'ஐ வில் ரிவர்ட்' கூட, பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புகிறேன் என்றுதான் படும்.

அடுத்தது, கீழ்ப்படியில் கால் வைக்காமலே மேல்படிக்குத் தாவுவது. ஆங்கிலச் செய்தித்தாளை அகராதி இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் சொன்ன கணக்கு. அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிக்கல் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். மலைப்பாக இருக்கிறதா? அதே நாட்டு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இருப்பது 570 குடும்பங்கள்தான். பாடநூல், ஆய்வுக்கட்டுரைகளில் வருகிற சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு அவை. அவற்றை முடிக்காமல், வாழ்நாளில் இரண்டு தடவை கண்ணில் படுகிற சொல்லை உருப்போடுவது வீண்வேலை என்பேன்.

ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று கங்கணம் கட்டுகிறவர்களுக்கு ஹெர்மன் எபிங்ஹவுஸின் சங்கதி தெரிந்திருந்தால் நல்லது. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885-இல் முடிவை வெளியிட்டார் அந்த ஜெர்மானியர். முதல் நாளிலேயே பெரும்பங்கு மறந்துபோகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. எனவே பத்துச் சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று திரும்பிப் பாருங்கள். அதுவும் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் யோசித்துவிட்டு.

கடைசியாக உச்சரிப்பு. மிகைப்படுத்திச் சொல்வதைக் குறிக்கிற சொல்லை 'ஹைப்பர்போல்' என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஹைப்பர்பலி. அகராதிச் செயலியில் ஸ்பீக்கர் படத்தை ஒரு தட்டுத் தட்டினால் அதுவே சொல்லிவிடும்.