ஸ்காபரோ வீட்டு வளவில் மரம் தறிக்க பெர்மிட் எடுப்பது எப்படி?

ஸ்காபரோ அடங்கிய ரொறன்ரோ மாநகரத்தில் காணி உங்கள் பெயரில் இருந்தாலும், அதில் நிற்கும் பெரிய மரத்தை நினைத்தவுடன் தறிக்க முடியாது. மாநகரச் சட்டக்கோவையின் 813ஆம் அத்தியாயம் அதைத் தடுக்கிறது. பின்வளவு மேப்பிள் கூரைக்கு மேல் சாய்கிறதே என்று யோசிப்பவர்கள், மரவெட்டிக்கு போன் போடுமுன் இதைப் படியுங்கள்.

1. அடிமரம் எங்கே நிற்கிறது?

வீடு வாங்கிய கோப்பில் சேர்வே பிளான் (காணி எல்லை காட்டும் வரைபடம்) இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாதி விஷயம் இங்கேயே முடிவாகிவிடும். நடைபாதையோரம் நீங்கள் வாராவாரம் புல்வெட்டும் அந்தத் துண்டு, பல வீடுகளில் மாநகரத்தின் காணி. அங்கே நிற்பது சின்னக் கன்று என்றாலும் கைவைக்கக் கூடாது. அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால், ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இரண்டு வீட்டாருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டியது போதாது, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஹைலண்ட் கிறீக் போன்ற ஓடைப் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடா? பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வந்தால் அதே சட்டக்கோவையின் 658ஆம் அத்தியாயம் பொருந்தும். அங்கே எந்த அளவு மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

2. அளந்து பாருங்கள்

மற்றத் தனியார் காணிகளில், விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் பெர்மிட் கட்டாயம். அளக்க வேண்டியது அடியில் அல்ல, நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில். தையல் டேப்பை அந்த இடத்தில் சுற்றிப் பிடியுங்கள். கிடைப்பது சுற்றளவு, அதை 3.14ஆல் பிரித்தால் விட்டம். 94 சென்ரிமீற்றரைத் தொட்டாலே எல்லைக்கு வந்துவிட்டீர்கள். டேப் 92, 93 காட்டினால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்டீல்ஸ் அவெனியூவைத் தாண்டிப் பக்கத்து நகரமான மார்க்கத்துக்குள் போனால் கணக்கு வேறு, அங்கே 20 சென்ரிமீற்றரிலேயே பெர்மிட் தேவை. ஸ்காபரோ மச்சான் சொன்னதை நம்பி மார்க்கத்தில் வாள் எடுக்காதீர்கள்.

3. ஆர்பரிஸ்ட் அறிக்கை, விண்ணப்பம்

மரத்தின் இனம், அளவு, உடல்நிலை, ஏன் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் தகுதிபெற்ற ஆர்பரிஸ்ட் எழுதித் தர வேண்டும். தறிக்கும் கொம்பனியே அறிக்கையும் எழுதுவது வழமைதான். ஆனாலும் இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். பெர்மிட் கிடைக்காவிட்டால் கொம்பனிக்கு அறிக்கைக்கான காசு மட்டும்தான் போகும்.

அறிக்கை, படிவம், கட்டணம் மூன்றும் மாநகர வனப்பிரிவுக்குப் போகும். இலை கொட்டுகிறது, கார் அழுக்காகிறது என்று சொல்லி நல்ல மரத்துக்கு அனுமதி வாங்குவது கஷ்டம். கிடைத்தாலும் பதிலுக்கு மரம் நடச் சொல்வார்கள், இடமில்லை என்றால் பணமாகக் கட்ட வேண்டிவரும்.

பட்ட மரத்துக்கும், விழப்போகும் மரத்துக்கும் விதிவிலக்கு உண்டு. அதையும் நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு மாநகரச் சேவை எண்ணான 311க்கு அழைத்து, மாநகரத்தின் உறுதிப்படுத்தலை வாங்குங்கள்.

4. வேரை மறக்காதீர்கள்

ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். மரத்தைத் தொடாமல் டிரைவ்வேயை அகலமாக்க வேரை வெட்டினாலும், உச்சியை மொட்டையடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது காயப்படுத்தல்தான். அதற்கும் பெர்மிட் வேண்டும், மரம் பக்கத்து வீட்டில் நின்றாலும் அப்படித்தான். தண்டம் ஒரு மரத்துக்கு 500 டொலரில் தொடங்கி 100,000 வரை போகலாம். முறையான கிளை கத்தரிப்புக்கு மட்டும் பெர்மிட் தேவையில்லை.

5. பெர்மிட் வந்தபின்

வெட்டும் நாளில் பெர்மிட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். வசந்தம், கோடை என்றால் வாள் இயங்குமுன் கிளைகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள ரொபின் கூடு இருந்தால், 1994ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டம் அதைக் காக்கிறது. மாநகரப் பெர்மிட் அந்தக் கூட்டைக் கலைக்க அனுமதி ஆகாது, குஞ்சுகள் பறக்கும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.