முதல் டெக் கான்ஃபரன்ஸுக்குப் போகும் இன்ட்ரோவெர்ட்டுகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஒரு டெக் கான்ஃபரன்ஸில் தன்னார்வலராகப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளை விட்டதும் ஓர் இளைஞர் நேராக வந்து, சுவரோரம் இருந்த சார்ஜிங் பாயின்ட் பக்கத்தில் நின்றுகொண்டார். போனில் நிகழ்ச்சி நிரலைத் திறந்தார், மேலே தள்ளினார், கீழே தள்ளினார், இருபது நிமிடமும் அதுவே வேலை. சார்ஜரைக்கூடச் செருகவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. என் முதல் கான்ஃபரன்ஸில் அப்படி ஒரு சுவரோரம்தான் எனக்கும் அடைக்கலம்.

சார்ஜர் எடுத்துப் போங்கள், வசதியான செருப்பு போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லுவார்கள், அதை விடுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கூச்சம் பற்றிய கட்டுரை இல்லை. எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் தலை கனக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது.

எல்லா உரைகளுக்கும் போவது

அரங்கம் நமக்கு அருமையான ஒளிவிடம். விளக்கு மங்கலாக இருக்கும், எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், யாரும் நம்மை ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் முதல் நாள் ஒன்பது உரை கேட்டேன், ஒருவரோடும் பேசவில்லை, கேட்டால் "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று பெருமை வேறு. பெரிய கான்ஃபரன்ஸ்கள் பலவற்றில் உரைகளைப் பதிவு செய்து பிறகு யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சை யாரும் பதிவு செய்வதில்லை. பழகியவர்கள் அதற்கு ஹால்வே டிராக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சிலர் அதற்காக மட்டுமே வருகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் கான்ஃபரன்ஸ் போன்ற இடத்தில் இரண்டே நாளில் பல நூறு உரைகள், பல அறைகளில் ஒரே நேரத்தில். எல்லாவற்றையும் கேட்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஓபன் ஸ்பேஸ் என்ற கூட்ட முறையை உருவாக்கிய ஹாரிசன் ஓவன் 'இரண்டு கால் விதி' என்று ஒன்று சொன்னார்: இருக்கும் இடத்தில் நீங்கள் கற்கவும் இல்லை, பங்களிக்கவும் இல்லை என்றால், கால் இருக்கிறது, எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். சாதாரண கான்ஃபரன்ஸுக்கும் இது பொருந்தும். வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள், எழுந்து போவது சுலபம்.

வட்டத்துக்கு வெளியே, யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்பது

மென்பொருள் ஆவணங்கள் எழுதுபவர்களுக்கான ரைட் த டாக்ஸ் கான்ஃபரன்ஸ்களைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் 'பேக்-மேன் விதி' என்று ஒன்றைப் பரப்பினார். கூட்டமாக நின்று பேசும்போது இன்னும் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி விடுங்கள், பழைய வீடியோ கேமில் வாய் திறந்தபடி வரும் பேக்-மேன் மாதிரி. இது உள்ளே நிற்பவர்களுக்கான விதி, ஆனால் உண்மையில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் வெளியே நிற்கும் நாம்தான். அந்த இடைவெளியில் போய் நில்லுங்கள். கேளுங்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாவிட்டாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஒருவர் தோளுக்குப் பின்னால் மரியாதையாகக் காத்திருந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். முகத்துக்கு முகம் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசும் இருவரை மட்டும் விட்டுவிடுங்கள்.

கூட வந்த சக ஊழியரோடு ஒட்டிக்கொண்டே திரிவது

வாசலிலேயே பிரிந்துவிடுங்கள்.

அன்றிரவே எழுதாமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அதே முதல் கான்ஃபரன்ஸ், இரண்டாம் நாள். தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் ஒரு பெண்மணியோடு எப்படியோ பேச்சு ஆரம்பித்தது. அப்போது எங்கள் அலுவலகத்தில் வேலைகளை மெசேஜாக வரிசையில் வைத்துக் கொடுக்கும் கியூவிலிருந்து ஒரே மெசேஜ் இரண்டு முறை வந்து, ஒரே வேலை இரண்டு முறை நடந்து, உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் இதே கதைதான், காரணம் நீங்க தேடுற இடத்துல இருக்காது, உங்க செட்டிங்ஸ் இருக்கிற கான்ஃபிகை அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார். பாட்ஜைக் காட்டினார், நிறுவன மின்னஞ்சலைக் குறித்துக்கொண்டேன். பத்து நிமிடப் பேச்சு, அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

அன்றிரவு அனுப்பினேனா? இல்லை. சும்மா கான்ஃபிகை மட்டும் அனுப்பினால் அரைகுறையாக இருக்குமே, லாகையும் சேர்ப்போம், ஒரு வரைபடம் போடுவோம், முதல் வரி கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கிறதே, மாற்றுவோம் என்று டிராஃப்டிலேயே வைத்திருந்தேன். அப்புறம் நாளாகிவிட்டதே, இப்போது அனுப்பினால் என்ன நினைப்பார் என்று ஒரு வாரம். அதற்குப் பிறகு நாளானதற்கு மன்னிப்புக் கேட்கும் பத்தி ஒன்றை எழுதி, அதைத் திருத்த இன்னும் சில நாள். ஏழாவது வாரம் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அவர் நிறுவனம் மாறியிருந்தார், முழுப்பெயர்கூட எனக்கு நினைவில்லை.

காரணத்தை நாங்களே கண்டுபிடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரம், கியூவில் வைத்திருந்த டைம்அவுட்டைவிட அதிகம், அதனால் முடிவதற்குள் கியூ அதே மெசேஜை இன்னொரு வொர்க்கர் புரோகிராமுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. மாற்றியது ஒரே ஓர் எண்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுவதுதான் நமக்குக் கஷ்டம், எழுதுவது நம் சொந்த ஊர் மாதிரி. கஷ்டத்தைச் செய்து முடித்துவிட்டு சுலபத்தில் கோட்டைவிட்டேன். இதே கூத்தை ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு புதியவர் செய்வதைப் பார்க்கிறேன்.

நான்கு வரி போதும். எங்கே சந்தித்தோம், எதைப் பற்றிப் பேசினோம், தருவதாகச் சொன்ன பொருள், முடிந்தது. "வணக்கம். இன்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மெசேஜ் இரட்டிப்பு பற்றிப் பேசினோம். கேட்ட கான்ஃபிக் இணைப்பில். அவசரமில்லை." அழகாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு நாள் போனால் அவருக்கே உங்கள் முகம் மறந்துவிடும். அவர் பாட்ஜில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், மூன்றாம் நாள் அது வெறும் பெயர்ப் பட்டியல். பேச்சு முடிந்து ஒதுங்கியதும், பெயரையும் பேசிய விஷயத்தையும் உங்கள் பாட்ஜின் பின்புறம் கிறுக்கி வையுங்கள். நிறுவன முகவரியை நம்பாமல் சொந்த முகவரியைக் கேளுங்கள்.

நண்பராக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வந்தது என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். இரண்டு நாளில் அப்படி மூன்று பேர் கிடைத்தால் தாராளம்.

மாலை பார்ட்டி

போகாவிட்டால் ஒன்றும் ஆகாது.

ஓய்வெடுக்க வெட்கப்படுவது

இப்போது பல கான்ஃபரன்ஸ்களில் அமைதி அறை உண்டு, பைத்தான் நிரலாக்க மொழிக்கான பைகானில் உண்டு. சில இடங்களில் பாட்ஜில் ஒட்ட வண்ண ஸ்டிக்கர் தருவார்கள்: பச்சை என்றால் வந்து பேசலாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் நானாக வந்தால் தவிர வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காக நடத்திய கூட்டங்களில் தொடங்கிய வழக்கம் இது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், காலை ஒன்பது மணிக்கே சிவப்பை ஒட்டிக்கொள்ளாமல்.

உரை முடிந்ததும் மேடையடியில் முண்டுவது

பத்துப் பேர் சூழ்ந்திருப்பார்கள், நம் முறை வருவதற்குள் தைரியம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து அதே பேச்சாளர் எங்காவது தனியாக நிற்பார், அப்போது போங்கள். சார்ஜிங் பாயின்ட் இளைஞரிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார், கால் மணி நேரம் பேசினாராம், பேச்சாளர் ஏதோ ஒரு லிங்க் கேட்டாராம்.

"அனுப்பிட்டீங்களா?"

"இல்லண்ணா, கொஞ்சம் ஒழுங்கா எழுதி நாளைக்கு அனுப்பலாம்னு..."

பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காருங்க தம்பி. அனுப்பிட்டுத்தான் எழுந்திரிக்கணும்."